இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்

சிப்பி நிறுக்கும் தராசில்
யாரும் இல்லாத நேரம் பார்த்து வைத்தேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பதினோரு சிப்பிக்கு ஒரு மடக்குக் கத்தி.
பதினோரு சிப்பியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
ஞாயிறு பூசைக்குப் போகிறவனைக்
கிறுக்கன் என்பார்கள்.
நான் போகிறேன்.

வலது பை எப்போதும் தாழ்ந்தே தொங்கும்.
வண்டியில் உட்கார்ந்தால் தொடையில் இடிக்கும்.
பொத்தலான பைகளைத் தைத்துச் சலித்த ஒப்தூலியா
கித்தான் துணியில் ஒரு பை வைத்துக் கொடுத்தாள்,
"இதுவும் கிழிந்தால் உன்னைத்தான் தைப்பேன்."

இருந்தாலும், அது திறக்கும்போது கேட்கும் சத்தம்!
டக்.
ஒரே ஒரு டக்.
மழை பெய்துகொண்டேயிருக்கும் கலீசியாவில்
முடிவான சத்தம் வேறென்ன இருக்கிறது?

நீள அலகு ஒரே இழுப்பில் முழு ரொட்டியைத் தாண்டும்.
சின்னக் கத்தி பாதியில் நின்று
தூளாக்கும், திணறும்,
மன்னிப்புக் கேட்பதுபோல் முன்னும் பின்னும் போகும்.
சின்னக் கத்தியில் ஆரஞ்சு உரிப்பவனை யாரும் கவனிப்பதில்லை.
அது நல்லதா கெட்டதா
என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஏனென்றால், சபேலாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று
விருந்து மேசையில் பாலாடைக்கட்டி வெட்ட ஆளில்லை.
நான் உதவத்தான் எடுத்தேன்.
டக்.
முப்பது பேர் பேச்சு
குழாயை மூடியதுபோல் நின்றது.
மாப்பிள்ளையின் அம்மா, கொருன்யா நகரத்துக்காரி,
குழந்தையை மடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.
பாலாடைக்கட்டி அழகாகத்தான் வெட்டுப்பட்டது.
யாரும் தொடவில்லை.

படகுத்துறைச் சோதனையில் ஒரு போலீஸ்காரி
அலகை அளந்தாள், மடக்கினாள்,
என் முகத்தையும் கொஞ்சம் அளந்தாள்.
"எதற்கு இவ்வளவு பெரியது?"
கயிறு, ரொட்டி, ஆரஞ்சு என்றேன்.
"கயிறுக்கு இடுப்பில் உறைக்கத்தி இருக்கிறதே?"
இருந்தது.
ஒழுங்காக, மடங்காமல், ஆரஞ்சு நிறப் பிடியோடு,
முதலாளி கொடுத்தது.

இனி சொல்லப்போவது
எந்தத் தட்டில் விழும் என்று நீங்களே பாருங்கள்.

பிப்ரவரி. மிதவையில் நானும் அமாரோவும்.
யூகலிப்டஸ் சட்டங்கள் பாசியேறி வழுக்கின.
சிப்பிக் கயிறு ஒன்று, ஒரு கன்றுக்குட்டிப் பாரம்,
சரிந்து கீழே போகும்போது
அவன் கணுக்காலையும் கேட்டது.
அவன் கொடுத்துவிட்டான்.
இடது கையில் அவன் சட்டைக் காலர் எனக்கு.
இடுப்பைத் தடவினேன். வெறும் உறை.
ஆரஞ்சுப் பிடி அப்போது
கடலுக்கு அடியில் எங்கேயோ ஒழுங்காக இருந்தது.

வலது கை பைக்குள் போனது.
பெரியது, அதனால் உறைந்த விரல்களுக்கும் அகப்பட்டது.
பெரியது, அதனால் ஒற்றைக் கையில் திறக்கவில்லை.
நகம் வைக்கும் பள்ளத்தில் கையுறை வழுக்கியது.
பல்லால் கடித்து இழுத்தேன்.
டக்.
கத்தியா பல்லா என்று அப்போது கேட்கவில்லை.
கயிறு அறுந்தது.
அமாரோ ஒரு பூட்ஸை மட்டும் கடலுக்குக் கொடுத்துவிட்டு
என்மேல் விழுந்து என் அம்மாவைத் திட்டினான்.

அவன் பிழைத்தது ஒரு தட்டில்.
பல் வைத்தியர் வாங்கிய நானூறு யூரோ இன்னொன்றில்.
சின்னக் கத்தியாயிருந்தால் பல் தப்பியிருக்கும்,
விரலுக்கு அகப்பட்டிருக்காது.
விரல் நகரும் சொரணையிருந்தால்
பல்லே வேண்டாம்.
கயிறு சரியாகக் கட்டியிருந்தால்
கத்தியே வேண்டாம்.
இப்படியே பின்னால் போனால்
நான் தச்சனாகியிருக்க வேண்டும்.

நேற்று ஒப்தூலியா புதிதாக ஒன்று வாங்கி வந்தாள்,
எழுபது கிராம், கட்டைவிரல் பட்டாலே திறக்கும்.
நல்ல கத்தி. குறையே இல்லை.
சமையலறையில் வைத்திருக்கிறோம்.
பொட்டலம் பிரிக்கிறது.

காலையில் கால்சட்டையை மாட்டினேன்.
வலது பக்கம் தானாகவே தாழ்ந்தது.
நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்,
முன்பல் இடைவெளியில் நாக்கை வைத்துக்கொண்டு.