ஆவணியின் ஆணி

சின்னாறு சோதனைச் சாவடி, என் அறைச் சுவரில்
பன்னிரண்டு ஆணி, பதினோரு படம்.
எல்லாம் ஒரே இடம்:
பாம்பாற்று வளைவில், அதே பாறைமேல்
முக்காலி ஊன்றி எடுத்தவை.

மாசியில் புல் துருப்பிடித்திருக்கிறது.
பங்குனியில் புகை;
எந்த மலையில் தீ என்று அன்று தெரியவில்லை.
சித்திரையில் ஒரே ஒரு மழை,
மறுவாரம் உசிலை தளிர்த்துவிட்டது.
ஆனி மேகம் எதிர்மலை விளிம்புவரை வந்து
பெர்மிட் இல்லாத லாரிபோல்
அங்கேயே நின்றது.
எல்லாப் படத்திலும் இடது ஓரம் நீர்மருது.
ஆடி வரை.

ஆவணியில் நான் உடுமலை ஆஸ்பத்திரியில்,
சிறுநீரகக் கல்லோடு.
இங்கே ஒரு சொட்டு இல்லை, நல்ல வெயில்.
மூணாறில் கொட்டியது
ஆறு கொள்ளாமல் செந்நீராய் இறங்கியதாம்.

புரட்டாசிப் படத்தில் இடப்பக்கம்
வெறும் வானம்.

வாட்சர் சடையன் பார்த்தவர்.
எப்படி விழுந்தது என்று கேட்டேன்.
முழங்கையை மேஜையில் ஊன்றி
கையை மெல்ல, மிக மெல்லச் சாய்த்தார்.
டீ கிளாஸ் கவிழ்ந்தது.
இருவரும் துடைக்கவில்லை.

கையெழுத்துப் போட வரும் டிரைவர்கள்
படங்களை விட்டுவிட்டு
அந்த ஆணியைத்தான் விசாரிக்கிறார்கள்.

நேற்று மறுபடி போனேன்.
கை பழக்கத்தில்
மரத்துக்கு இடம் விட்டே கட்டம் வைத்தது.
நரை அணில் ஒன்று
கிளை நுனிவரை ஓடிவந்து
உடலைச் சுருக்கி
தூரத்தை ஒருமுறை அளந்து
திரும்பிப் போனது.

விரல் ஷட்டரிலேயே இருந்தது.