விருப்பப் பாடம்

விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள்.
விருப்பம் ஒன்று, விருப்பம் இரண்டு, விருப்பம் மூன்று.
தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள்.
தங்கச்சிமடம் கரையில் படகுகளுக்குப் பெயின்ட் காய,
பள்ளிக்கூட வராந்தாவில் அம்மா
சாதிச் சான்றிதழை விசிறியாக்கிக்கொண்டு சொன்னாள்:
"எந்தக் குரூப்புக்கு பீஸ் கம்மியோ அதப் போடு."
கவர்மென்ட் ஸ்கூல்ல எல்லாம் ஒண்ணுதாம்மா.
"அப்ப எது சீக்கிரம் முடியுமோ அது."

ஹமீதா பர்வீன் கணினிக்குப் போனாள்;
அண்ணன் துபாயிலிருந்து லேப்டாப் கொண்டுவருவானாம்.
மிக்கேலுக்கு வணிகவியல். மாமாவின் ஐஸ் கம்பெனியில்
கணக்கு எழுதுகிறவன் போன மாசம் ஓடிவிட்டான்.
முந்நூற்று எண்பத்தொன்று எடுத்த நான்
உயிரியல் என்று எழுதினேன்.
ஏன் என்று கிளார்க் கேட்கவில்லை.
பேனா அவருடையது, அதை மட்டும் கேட்டார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
நண்டின் வயிற்று மடிப்பைப் பார்த்தே
பெண்ணா ஆணா என்பேன்.
பாசி எடுக்க இறங்கும்போது
எந்த மணலில் திருக்கை புதைந்திருக்கும் என்று
என் கால் சொல்லும்.
புத்தகம் இவற்றுக்கு வேறு பெயர் வைத்திருந்தது,
அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளஸ் டூ வந்ததும் கணக்குகள் வேறு.
ரெக்கார்டு நோட்டில் படத்துக்குப் பென்சில் மட்டும்,
பாகம் குறிக்கிற கோடு நேராக,
ஒன்றையொன்று வெட்டக் கூடாது.
வருகை எழுபத்தைந்து சதவீதம்.
எனக்குப் பதினோரு நாள் குறைந்தது.

எந்தப் பதினொன்று என்று எனக்குத் தெரியும்.
ராமநாதபுரம் கோர்ட்டில் டவாலி
அப்பாவின் பெயரை மூன்று முறை கூவிய நாட்கள்.
அம்மா பஸ்ஸை நிறம் பார்த்து ஏறுவாள்;
வழக்கு எண்ணுக்கு நிறம் இல்லை.
காய்ந்த கடல் அட்டை, நாலு கிலோ, ஒரு சாக்கு.
அது யாருடைய சாக்கு என்பதுதான்
இரண்டு வருஷமாய் நடக்கிறது.

"மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துரு,"
பதிவேட்டை விட்டு நிமிராமல் சொன்னார் கஸ்தூரி டீச்சர்.
டாக்டர் டைபாய்டு என்று எழுதினார்.
வாய்தா நாளெல்லாம் காய்ச்சலாயிற்று.
அன்று ராத்திரி
நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், சும்மா.

செய்முறைத் தேர்வு.
பட்டியலில் இருந்த ஜாடி ஒன்று போன வாரம் உடைந்துவிட,
அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள்
ஏழாம் எண் ஜாடியை.
பார்மலினில் வெளுத்து, முதுகை மூடியில் இடித்துக்கொண்டு
கிடந்தது அட்டை.
லேபிளில் மை கரைந்து ஆண்டு மட்டும் மிச்சம்.
அந்த ஆண்டில் அதைப் பிடித்தவர்
யார் பெயரும் கூவப்பட்டிருக்காது.

தொகுதி: முட்தோலிகள்.
இரண்டு பண்புகள் எழுதுக.
இரண்டு எழுதினேன்.

பரமக்குடியிலிருந்து வந்த தேர்வாளர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"வாழிடம்?"
கடல், சார்.
"இந்த ஊர்ப் பொண்ணுதான? உயிரோட பாத்திருக்கியா?"

பாருக்கு மேலே, இரண்டு பாகம் தண்ணீரில்,
மணலைத் தின்று மணலையே கழித்தபடி நகரும்.
பயந்தால் தன் குடலையே கக்கி வீசிவிடும்,
பிறகு அவசரமில்லாமல் வேறொரு குடல் வளர்க்கும்.
அவித்துக் காயவைத்தால் கறுத்த கட்டைவிரல் அளவு.
ஒரு மழைக்காலம் முழுக்க
எங்கள் கட்டிலுக்கடியில் அந்த வாடை இருந்தது.

"இல்ல சார். புத்தகத்துலதான்."

அவர் கையால் மறைத்துக்கொண்டு
ஏதோ மதிப்பெண் போட்டார்.

பதினெட்டாம் தேதி இயற்பியல் செய்முறை.
பதினெட்டாம் தேதிதான் வாய்தாவும்.
மிச்சமிருந்த ரெக்கார்டு தாளில்
வழக்கு எண்ணைப் பெரிதாக வரைந்து
அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.
பென்சிலில்தான். இது எட்டு, இது சாய்கோடு என்று
பாகம் குறித்து.
அடுப்படியில் உட்கார்ந்து எழுதிப் பழகுகிறாள்.
எல்லாம் வருகிறது.
ஒன்பது மட்டும் தலைகீழாய் வருகிறது.