அரை மாத்திரை

இருபத்திரண்டு எழுத்து.
ஒரு தபால் முகவரிக்குக்கூடக் காணாது.
புரதமாகி உடம்பெடுக்கும் யோகம் அதற்கில்லை.
தெரிந்தது ஒரே வேலை:
மரபணு எழுதி அனுப்பிய ஓலையில்
தன் முகவரி தேடி ஒட்டிக்கொண்டு
பேச்சைக் குறுக்குவது.
சொல்லின் கடைசியில்
உதடு குவியாமல் தேயும் உகரம்போல,
ஒன்று, அரையாகும்.

லேலோ இந்த இலக்கணம் அறியாள்.
எஸ்தோனியாவில், டார்ட்டு ஊரில்,
மைனஸ் எண்பதில் உறங்கும் ரத்தங்களுக்கு
அவள் காவல்.
உறைபெட்டி திறக்கும்போது மூச்சை அடக்குவாள்.
இமையில் பனி பிடித்த அனுபவம்.

அந்த வசந்தத்தில் பதினொரு குழாய்கள்
ஒரே குரலில் எழுந்தன.
அதே இருபத்திரண்டு எழுத்து,
மற்றவர்களைவிட எட்டு மடங்கு.
கணையத்தில் கட்டி வருமுன்னே
ரத்தத்தில் கேட்கும் மணியோசை என்றார்
பேராசிரியர் தாவெத் ரன்னமெ.
யானை பின்னால் வரட்டும்,
நாம் முன்னாலேயே வழி மறிப்போம்.
மதிய உணவுக்குப் போன இடத்தில்
காகிதக் கைக்குட்டையில் மருந்தும் வரைந்துவிட்டார்:
எழுத்துக்கு எதிர் எழுத்து கோத்த சிறு சரடு,
வாய் பொத்தும் கையைப்
பொத்தும் இன்னொரு கை.
பீட்ரூட் கறை பட்ட அந்தக் காகிதத்தை
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

லேலோவுக்கு மட்டும் உறுத்தல்.
பதினொன்றும் ஹீயுமா தீவிலிருந்து வந்தவை.
பதினொன்றும் பிப்ரவரி.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
தெளிந்த நெய்போல் இருக்கவேண்டிய நீர்
ரோஜா நிறம்.

தீவுக்குத் தொலைபேசி.
செவிலி ஹெல்யு யோசித்துச் சொன்னாள்:
அந்த மாதம் கடல் உறைந்திருந்தது, தெரியுமா,
படகு இல்லை, பனிமேல் பாதை போட்டார்கள்.
அதில் ஒரு விதி உண்டு.
மெதுவாகப் போ, இல்லை வேகமாகப் போ,
நடுவேகத்தில் போனால்
அடியில் அலை கூடிப் பனி பிளக்கும்.
வார்ப்பட்டை போடக்கூடாது,
மூழ்கினால் குதிக்கவேண்டுமே.
எங்கள் ஓட்டுநர் பயந்தவன்.
வேகமாகவே போனான்.

ஆக,
இருபத்தாறு கிலோமீட்டர் கடல்
குழாய்க்குள் குதித்திருக்கிறது.
சிவப்பணுக்கள் உடைந்து
உள்ளே சுருட்டி வைத்திருந்த எழுத்தையெல்லாம்
கொட்டியிருக்கின்றன.
மணி யானையுடையது அல்ல,
வண்டியுடையது.

தாவெத் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் வந்து,
காபி யார் போட்டது, இவ்வளவு கசப்பு, என்றார்.
அதுவே மன்னிப்பு.
கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

பழி தீர்க்கவா, பழக்கமா தெரியவில்லை,
லேலோ பதினொன்றையும் மறுபடி அளந்தாள்.
சிவப்பைக் கழித்து,
கடலைக் கழித்து,
ஓட்டுநரின் பயத்தைக் கழித்து.
பத்து அடங்கிவிட்டன.
ஏழாம் குழாய் அடங்கவில்லை.
திரும்பத் தூக்கிப் பார்த்தாள்:
அவசரத்தில் மற்றவற்றோடு சேர்த்துச்
சிவப்பென்று எண்ணியிருக்கிறாள்.
அது மஞ்சள். கலங்காத மஞ்சள்.

ஒன்று என்பது புள்ளிவிவரம் ஆகாது.
கருவியின் பிசகாக இருக்கலாம்.
அல்லது எங்கோ ஒரு மனிதன்,
வலை உலர்த்துபவனோ, பள்ளிக்கூடச் சமையல்காரியோ,
முதுகில் இலேசாக வலிக்கிறதென்று
தலையணையை மாற்றிப் போட்டுப் படுத்திருக்கலாம்.
குழாய்மேல் பெயர் இல்லை, எண் மட்டும்.
பெயர் வேறொரு கட்டிடத்தில்
வேறொருவர் பூட்டிய பெட்டியில்.
திறக்க அனுமதி கேட்டு மனு போடலாம்.
பதில் வர ஆறு வாரம்.

மனுவில், 'காரணம்' என்ற கட்டத்தில்
இரண்டு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.
எழுதினாள், அடித்தாள், எழுதினாள்.
கடைசியில் நின்ற வாக்கியத்தை
ஏனோ எண்ணிப் பார்த்தாள்.
இருபத்திரண்டைத் தாண்டிவிட்டது.

வெளியே எமயொகி ஆற்றில்
பனிப்பாளம் ஒன்று மெதுவாக,
மிக மெதுவாக,
நடுவேகத்தைத் தொடாமல்
நகர்ந்துகொண்டிருந்தது.