முப்பது விநாடி

ராச்டேல், எழுபத்து நான்கு, பிப்ரவரி.
ஆர்டன் வீட்டுச் சமையலறையில்
நாங்கள் நான்கு பேர், பதினோரு வாரம்.
சுவருக்கும் காது உண்டு என்பார்களே,
அந்தக் காது நான்.
ஒலிவாங்கி கட்டிய கம்பைத்
தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கக் கூலி.

"நாங்கள் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்"
என்றார் இயக்குநர்.
மொரீன் தலையாட்டினாள்.
இல்லாத நால்வருக்கும் தேநீர் ஊற்றினாள்,
எனக்கு மட்டும் சர்க்கரை இரண்டு கரண்டி.

முதல் வாரம் கிளிஃபர்ட்
வங்கி மேலாளர் மாதிரிப் பேசினான்.
மூன்றாம் வாரம் அலுத்துப்போய்
தன் குரலுக்குத் திரும்பினான்.
அல்லது அதைப் போன்ற ஒன்றுக்கு.
எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு வியாழன் இரவு.
வாடகைப் பணம் நாய்ப் பந்தயத்தில் போயிருந்தது.
அவள் தட்டை ஓங்கினாள்.
நேரம் பார்த்து ஃபிலிம் தீர்ந்தது.
ஒரு சுருள் பதினோரு நிமிடம்தான்.
கேமராவின் முனகல் நின்றதும்
எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.
ஓங்கிய கை அப்படியே இருந்தது.
"மாட்டியாச்சா, கண்ணுகளா?"
"ஆச்சு."
எறிந்தாள்.

அந்த ஒரு தட்டுக்கு
மூட்டை மூட்டையாய்க் கடிதம்.
கூத்து, வெட்கங்கெட்ட கூத்து என்றார்கள் பாதிப்பேர்.
மீதிப்பேர், எங்கள் வீட்டை எப்போது எட்டிப்பார்த்தீர்கள் என்றார்கள்.
கல்யாணத்துக்கு வந்த ஆறில் அது ஒன்று.
துண்டுகளைப் பொறுக்கியது நான்.
பெருவிரலில் தழும்பு இருக்கிறது.

கடைசி நாள்.
விளக்குகளைக் கழற்றியாயிற்று, கேமரா பெட்டிக்குள்.
அறையின் வெறும் ஒலி மட்டும் பாக்கி:
வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை.
"முப்பது விநாடி, யாரும் அசையக் கூடாது."
குளிர்பெட்டி உறுமியது.
குழாய் ஒரு சொட்டு.
பத்தொன்பதாவது விநாடியில்
காதுக்குள், மிக அருகில்,
தாள் மடங்கும் சத்தம்.
நிமிர்ந்தேன்.
அவளுடைய ஏப்ரன் பையிலிருந்து
கிளிஃபர்டின் கை வெளியே வந்துகொண்டிருந்தது.
அவள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

"சத்தம் விழுந்துவிட்டது" என்றேன்.
அதுதானே என் வேலை.
"இன்னொரு முறை" என்றார் இயக்குநர்.

இரண்டாம் முறை
மிக நன்றாக மௌனமாக இருந்தார்கள்.
ஒளிபரப்பானது அதுதான்.