முக்கால்

பம்ப் அறைத் தகரத்தின் கீழே குளவிக்கூடு.
நாற்பத்தியொரு அறைகள், இருபத்திமூன்று பேர்.
விடியமுன், குளிரில் அவை விறைத்திருக்கையில்
நெயில் பொலிஷ் தொட்டு முதுகில் புள்ளி வைத்தேன்:
நீலம்-மஞ்சள், வெள்ளை-வெள்ளை, சிவப்பு தனி.
வலது கை இன்னும் வீக்கம்.

முத்தையன்கட்டு, இடதுகரை.
காணி தவமலர் அக்காவுடையது.

"உதில ஆர் ராணி?"
மூலையில், அசையாமல் இருக்கிறதே, அது.
"ஒருத்தரையும் அதட்டக் காணேல்லை."
அதட்டாது.
"மற்றதுகள்?"
வேலைச் சாதி. பாடநூலில் அப்படித்தான்.
"பிறப்பிலயோ?"
இல்லை அக்கா, உடம்பெல்லாம் ஒன்று.
ராணி போனால் இதிலொன்று
ஒரு கிழமை எல்லாரையும் கடித்துத் திரிந்துவிட்டு
முட்டையிடத் தொடங்கும்.

வாளியைக் கீழே வைத்துச் சிரித்தா.
"அப்ப உது சாதியில்லைப் பிள்ளை.
சாதியெண்டால் சுடலையும் வேறயாய் இருக்கோணும்.
உதுக்கு வேற பேர் பார்."

அன்று முழுதும் குறிப்பேட்டில்
அந்த நிரலுக்குத் தலைப்பில்லை.

கணக்கு என்னவோ அழகானது.
தகப்பனிடம் உள்ளது ஒற்றைப் பிரதி, அப்படியே கொடுத்துவிடுவான்;
ஆகவே அக்காளுக்குத் தங்கை முக்கால்.
தம்பி கால். தான் பெற்றால், பிள்ளை அரை.
அரையிலும் முக்கால் பெரிது,
அதனால்தான் பெறாமல் வளர்க்கிறாள் என்பார்கள்.

பதினெட்டுக் கால்களின் நுனி வெட்டிக்
கொழும்புக்கு அனுப்பினேன்.
கால் என்றே விடை வந்தது.
காலுக்குச் சற்று மேல்.
ராணி பலரோடு கூடியிருக்கிறாள்,
அவளுக்கு முன்னும் வேறு ராணிகள்.
சிலர் ஒருவருக்கொருவர் அரைக்கால்.
சிலர் அதுவுமில்லை.

சொல்லலாமென்று போனேன்.
குழாயடியில் மதுரா சப்பாத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.
வட்டுவாகலில் யாரோ கையில் தந்துவிட்டுத்
திரும்பி ஓடிய ஆறு மாதக் குழந்தை,
இந்த முறை ஓ.எல். எழுதுகிறாள்.
"எச்சில் எடுத்துப் பாப்பமெண்டு
கந்தோரில ஒருக்கா கேட்டவை" என்றா அக்கா,
நான் எதுவும் கேட்காமலே.
"வேண்டாமெண்டிட்டன்."
பிறகு, கைக்குப் புளி பூசினியோ என்றா.

பின்னேரம் 4.12.
வெள்ளை-வெள்ளை, கத்தரிப் புழுவில் பாதியோடு வந்திறங்கியது.
சிவப்பு அதை உணர்கொம்பால் தடவிப் பார்த்தது.
கூட்டின் மணம்தான். வழி விட்டது.
எட்டாம் அறைக்குள் தலை நுழைத்து ஊட்டியது.

யாருடைய புழு என்றொரு கட்டம் இருக்கிறது.
கோடு கிழித்தேன்.
4.15. நீலம்-மஞ்சள் பறந்தது, தண்ணீருக்கு.