அரைப் பேர்

பதினெட்டுக் கிலோ என்றால் முழுப்பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
மழை, அட்டைக்கடி, கங்காணியின் வாய்
எதுவும் தராசில் ஏறாது.
இருபத்திரண்டு வருடமாக
இந்தக் கணக்கில் நிற்கிற எனக்கு
வேதத்திலும் ஒரு தராசு உண்டென்று
தேர்தல் வந்துதான் தெரிந்தது.

பெண்கள் பட்டியலுக்கு ஆள் தேடி
அமைப்பாளர் ஜெபரட்ணம் லயத்துக்கு வந்தார்.
"மேல் டிவிசன்ல நூத்தி நாப்பது வேதக்கார வோட்டு.
நீங்களும் வேதம்தானே, ரெஜினாக்கா?"
ஆமாம் என்றேன்.
"எந்தக் கோயில்?"

அட்டனில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பிளாஸ்டிக் கதிரை இருபத்தாறு,
நிரம்பிய நாள் நினைவில்லை.
அப்பம் உண்டு. ரசம் இல்லை, தண்ணீர்தான்.
வெள்ளைச் சட்டை, டை,
நெஞ்சில் கறுப்புப் பெயர்த்தகடு,
பத்தொன்பது வயதிலேயே மூப்பர் என்று பட்டம்.
மீசை அரும்பாத அந்தப் பிள்ளைகளில் ஒருவன்
டொங்கா என்கிற தீவிலிருந்து வந்தவன்.
என் மகனைப் புதைத்த மாதம்
செத்தவர்களும் குடும்பமாகவே இருப்பார்கள் என்று
தப்புத் தமிழில் சொன்னான்.
திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஜெபரட்ணம் பேனாவை மூடிவிட்டு
தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன்.
"உங்களுக்கு?"
நான் குடிப்பதில்லை.
தேயிலைக்குள் பிறந்து
சாயம் தொடாத ஒருத்தியை
அன்றைக்குத்தான் பார்த்தார்.

பிறகு ஆளுக்கு ஆள் நிறுத்துப் பார்த்தார்கள்.
பங்குத் தந்தை, நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்:
அந்த ஞானஸ்நானம் நம்ம கணக்கில் சேராது, மகள்.
தகரக் கூரைச் சபையின் பாஸ்டர் ஒலிபெருக்கியில் சொன்னார்:
இன்னொரு புத்தகம் வைத்திருக்கிறவள்.
மாரியம்மன் கோயில் தலைவர் முத்துக்கறுப்பன்
வெற்றிலையைத் துப்பிவிட்டு,
"இங்கிட்டு வந்துரு தாயி,
எங்க ஆத்தா ஒரு புஸ்தகமும் படிச்சதில்ல" என்றார்.
சிரித்துவிட்டேன்.
அதையும் யாரோ எழுதிவைத்தார்கள்.

மற்றக் கட்சி பாலத்தடியில் ஒட்டியது:
"இயேசுவையே மாத்தினவ
கட்சிய மாத்த மாட்டாளா?"
நம்ம கட்சி சிலுவைச் சங்கிலி கொண்டுவந்தது,
முலாம் பூசியது, டப்பியோடு.
"வோட்டு முடியிற வரைக்கும் போட்டுக்குங்கக்கா."
நாங்கள் சிலுவை போடுவதில்லை என்றேன்.
"அது யாருக்குத் தெரியப் போகுது?"

மருந்துக்கடை மாடியிலும் காற்று வேறு பக்கம்.
நமக்குக் கட்சி கிடையாது என்ற கடிதத்தை
ஞாயிறன்று எழுந்து வாசித்தவரின் சட்டைப் பையில்
மற்றக் கட்சி கொடுத்த பேனா.
கை கொடுத்தபோது
அவர் விரல்கள் கொஞ்சம் சீக்கிரம் விலகின.

சங்கிலி இரண்டு நாள் என்னிடம் இருந்தது.
ஒரு ராத்திரி
கண்ணாடி முன் போட்டும் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
அம்மாவிடம் இப்படி ஒன்று இருந்தது,
அடகில் மூழ்கிப்போனது.

மூன்றாம் நாள் டப்பியோடு திருப்பிக் கொடுத்தேன்.
பட்டியலில் பிலோமினா ஏறினாள்,
மாதா கெபிக்குப் பூ வைக்கிறவள்,
என் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவள்.
அவளுக்கே வோட்டுப் போட்டேன்.
இடது சுண்டுவிரலில் ஊதா மை,
மற்ற ஒன்பதிலும்
நான் குடிக்காத தேயிலையின் கறை.

மறுநாள் பதினேழரை.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டான்.
நான் ஒன்றும் பேசவில்லை.

ராத்திரி முழங்காலில் நின்று
என் மகனின் பெயரைச் சொன்னேன்,
பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, முழுதாக:
சவரிமுத்து அந்தோனி டிலுக்சன்.
வேறொன்றும் கேட்கவில்லை.
தகரத்தில் மழை.