முழங்கைக்குக் கீழே

மாங்குளம் ஆஸ்பத்திரி, பெண்கள் வாட்டு,
பதினோராம் கட்டில்.
மின்விசிறி ஒன்று சுற்றுகிறது, மற்றது
சுற்றுவதாகச் சொல்கிறார்கள்.

நோயாளியின் கட்டிலில் இருக்கக் கூடாது
என்பது முதல் வாரப் பாடம்.
கதிரையில் இருந்து, கண்ணுக்குக் கண் சமமாகக் கேள்
என்பது இரண்டாம் வாரம்.
வாட்டில் இருந்த ஒரே கதிரையில்
யாருடையவோ சுடுதண்ணிப் போத்தல்.
நான் நின்றேன்.
இராசமலர், நாற்பத்தேழு வயது, ஒலுமடு,
கால்களை மடக்கி இடம் விட்டா.
"இரு பிள்ளை, கட்டில் என்ன என்ர சொத்தே?"
இருவருக்கும் முகக்கவசம். கண்தான் மிச்சம்.
நின்றபடியே கேட்டேன்.

இருமல், ஒரு மாதம். பின்னேரத்தில் காய்ச்சல்.
சளியில் ரத்தம் இல்லை.
மெலிவு? "சட்டை சொல்லுது."
இவ்வளவும் நல்லாய் வந்தது.
அடுத்தது குடும்ப விவரம்.
எத்தனை பிள்ளையள்?

"எந்த வருசக் கணக்கு வேணும்?"
கேலி இல்லை, அழுகை இல்லை,
சங்கக் கடையில் எந்த அரிசி என்று கேட்கிற மாதிரி.
தாளில் ஒரு சின்னக் கோடு,
ஓர் எண்ணுக்குத்தான் இடம்.
"உங்களுக்கு வசதியானதைச் சொல்லுங்கோ" என்றேன்.
வசதியானதை!
"மூண்டு எண்டு எழுது.
கூப்பிட்டால் வாறது ஒண்டு."

தொற்றைத் தடுக்க, முழங்கைக்குக் கீழே
ஒன்றும் இருக்கக் கூடாது:
மணிக்கூடு, காப்பு, நீளக் கைச்சட்டை.
கழற்ற முடியாததைப் பற்றி
கைகழுவும் இடத்துச் சுவரொட்டியில் ஏதும் இல்லை.
என் இடது கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே,
புளியங்கொட்டை அளவில் ஒரு பளபளப்பு.
யாழ்ப்பாணத்தில் கேட்டால்
சின்னனில் சுட்டது என்பேன்.
அடுப்பு என்று அவர்களாகவே நினைப்பார்கள்.

அந்தக் கையை அவவின் நெஞ்சில் வைத்து
மற்றக் கை விரலால் தட்டினேன்.
"எவடத்தில பட்டது?"
அடுப்பு என்று அவ நினைக்கவில்லை.

உன் கதையை நோயாளியின் தலைமாட்டில் இறக்காதே,
அதையும் அவர்கள் தூக்க வேண்டி வரும்
என்றுதான் சொல்லித் தந்தார்கள்.
சரிதான். இப்பவும் சரியென்றே நினைக்கிறேன்.

"மூச்சை இழுத்து விடுங்கோ" என்றேன்.
இழுத்தா. விட்டா.
குழாய் காதில் இருந்தால்
கேட்காத மாதிரி நிற்க ஒரு வசதி.
வலது மேல்பக்கம்
நெருப்பில் உப்புப் போட்ட சத்தம்.
"இன்னொருக்கா."
தேவைக்கு மேல் அது ஒரு தடவை.

வெளிக்கிடும்போது தலையணைக்குக் கீழிருந்து
தாள் சரையில் கச்சான்,
சொந்தத் தோட்டத்தது, மகள் வறுத்துக் கொண்டுவந்தது.
கூப்பிட்டால் வாற மகள்.
உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாளாம்,
"உன்ர நம்பரைத் தாவன்."
இரண்டுக்கும் இல்லை என்றேன்.
கோவிக்காதேங்கோ என்றும் சேர்த்தேன்.
"இதுக்கென்ன கோவம். உனக்குச் சட்டம்."
சரையைத் திரும்பவும் மடித்தா, நாலு மடிப்பு.

பின்னேர பஸ் முறிகண்டியில் நின்றது.
கச்சான் கடைக்காரன் அளந்துகொண்டே
காசு நீட்டிய கையைப் பார்த்தான்.
"எவடம் தங்கச்சி?"
"வலைஞர்மடம்" என்றேன். "பங்குனி மாதம்.
அம்மா பக்கத்தில இருந்தவ."
"ம்" என்றான்.
ஒரு பிடி கூடப் போட்டான்.
இருநூறு ரூபா.

அவ்வளவு சுகமாய் வந்தது வாயில்,
நெஞ்சில் காது வைக்காத ஒருவனிடம்.

பரந்தனுக்கு முதலே சரை முடிந்தது.
மடி முழுக்கக் கோது.
திங்கட்கிழமை சளிப் பரிசோதனை முடிவு வரும்.
அதை நான் சொல்லக் கூடாது,
பெரிய டொக்டர் சொல்லுவார்.
நான் பதினோராம் கட்டிலின் கால்மாட்டில் நிற்பேன்.
கையைப் பின்னால் கட்டுவதா,
முன்னால் விடுவதா என்று
ஆனையிறவு தாண்டியும் யோசித்துக்கொண்டிருந்தேன்.